பாதியில் நின்ற கிணற்றுக் குறிப்புகள்

உன் கைத்தொலைபேசியின் உறையில் இன்னும் வேப்பெண்ணெய் மணந்தது. உன் அண்ணை அதைப் பழைய தலையணை உறை ஒன்றில் சுற்றி, நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து என் கையில் தந்தார். சுற்றைப் பிரித்ததுமே அந்தக் கசப்பு மணம் எழுந்தது. கிணற்றடி நுளம்புக்குப் பயந்து முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு, அதே கையால் தொலைபேசியையும் தடவி, "பாவம், இதுக்கும் கடிக்குமெல்லே" என்பாயே. அந்தப் பகிடிக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. சுற்றைப் பிரித்த அன்று உன் அண்ணைக்கு முன்னால் சிரித்துவிட்டேன். மனிதர் பயந்துபோனார்.

இதை ஏன் கேட்டு வாங்கினேன் என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் என்னைக் கடித்திருப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை மருதனார்மடத்துப் பக்கமிருந்து ஒரு பெண் அழைத்தாள். நாம் இருவரும் ஊர் ஊராகத் திரிந்து போட்ட கிணற்று வரைபடத்தின் அடியில் என் இலக்கம் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

"அக்கா, உங்கடை படத்திலை எங்கடை கிணத்தைத் தொட்டால் ஒரு குறிப்பு வருது. ஆனால் பாதியிலை நிக்குது."

"வாசியுங்கோ தங்கச்சி, பாப்பம்."

"'நல்ல ருசி. நாலு தலைமுறை குடிச்ச தண்ணி. பெரிய ஆக்கள் குடிக்கலாம், சமைக்கலாம். ஆனால் கைப்பிள்ளை.' அவ்வளவுதான். கைப்பிள்ளைக்கு என்னக்கா? எனக்கு நாலு மாசத்துப் பிள்ளை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேணும். அதுதான் போத்தில் பால் பழக்கலாமெண்டு இருந்தனான்."

கணினியில் அந்தக் கிணற்றைத் தேடினேன். சோதனை எண் தனிக் கட்டத்தில் இருந்தது. வலிகாமத்துத் தோட்ட வெளிகளில் பசளை இறங்கிய கிணறுகளில் வருகிற எண்தான். வளர்ந்தவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத அந்தப் பசளை உப்பு, கைப்பிள்ளையின் இரத்தத்தைக் கெடுக்கும். பால்மா கரைக்க வேண்டாம் என்றேன்.

"கொதிக்க வைச்சால் காணாதோ?"

"காணாது தங்கச்சி. கொதிச்சு வத்த வத்த உப்பு இன்னும் கூடும். வேறை நல்ல தண்ணி எடுங்கோ. மிட்வைஃப் மிஸ்ஸையும் ஒருக்கால் கேளுங்கோ."

சரி என்றாள். வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள். "இதை எழுதின அக்கா ஏன் முடிக்காமல் விட்டவ?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு கிணற்றுக் குறிப்பைக்கூட நீ முடிக்காமல் விட்டதில்லை. உன் பேச்சுப் போலத்தான் உன் எழுத்தும். ஒருவர் எழும்பிப் போனால்தான் நிற்கும். அப்படியானால் யார் வெட்டியது?

நான்தான் வெட்டினேன். ஒரு சொல் இரண்டு சொல் அல்ல, நானூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளில் முக்கால்வாசிக் குறிப்பை.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். உன் தொலைபேசியில் நீ எழுதியது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கணினிக்கு வரும். நான் அதை எனக்குப் பழக்கமான பழைய வகைக் கோப்பாக மாற்றி வைப்பேன். அந்தப் பழைய வகை ஒரு குறிப்புக் கட்டத்துக்கு இருநூற்றைம்பத்து நான்கு இடம் மட்டுமே தரும். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு அது தாராளம், ஓர் எழுத்துக்கு ஓர் இடம். நம் தமிழ் எழுத்துக்கு மூன்று. கொம்போ மேலே ஒரு குற்றோ வந்துவிட்டால் ஆறு. நிறைந்ததும் அது மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சத்தமும் காட்டாமல் இருந்துவிடும். நான் எண்களை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்தேன். உன் வசனங்களைச் சரிபார்க்கவில்லை. அது மட்டுமா? மாற்றி முடித்ததும், இடம் அடைக்கிறது என்று நீ அனுப்பிய மூலத்தை அழித்தும் விட்டேன். ஒழுங்குக்காரி அல்லவா நான்.

இதில் எனக்குத் தாங்காத சங்கதி இன்னொன்று. நாம் அந்தக் குறிப்புகளுக்காகவே ஒருநாள் சண்டை பிடித்தோம், ஞாபகமா? யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில், மின்விசிறி கரகரக்க, நான் உன் பட்டியலைப் பார்த்துக் கத்தினேன். இந்தக் கிணற்றில் மேற்கு வளவுக்காரருக்கும் பங்கு உண்டு, காணி உறுதியில் எழுதியிருக்கிறது, ஆனால் பத்து வருடமாகக் கதைபேச்சு இல்லாததால் அள்ள வருவதில்லை, என்றெல்லாம் எழுதியிருந்தாய்.

"இது வரைபடமடி, கலியாணப் புரோக்கரின்ரை கொப்பி இல்லை. ரெண்டு வரிக்கு மேலை எழுதாதை."

"கிணத்துக்குப் பங்காளி ஆரெண்டு தெரியாமல் தண்ணியைப் பற்றி மட்டும் எழுதி என்ன செய்யிறது? நாளைக்கு ஒரு கிணறு பழுதாப் போனால் ஆர் ஆரிட்டைப் போய் அள்ளலாமெண்டு சனத்துக்குத் தெரியவேண்டாமோ?"

"ரெண்டு வரி."

நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் எல்லாக் குறிப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில், சின்னதாக வந்திருந்தன. நான் அப்போதுதான் கோப்பு வகையை மாற்றத் தொடங்கியிருந்தேன் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. நீ சொல்வழி கேட்டுவிட்டாய் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். உன்னைக் கூப்பிட்டுப் புகழவும் செய்தேன். "இப்பத்தான் உனக்கு வேலை பிடிபட்டிருக்கு. வடிவாச் சுருக்கி எழுதுறாய்."

"நானோ? சுருக்கமாவோ?" என்றாய்.

தன்னடக்கம் என்று நினைத்தேன். நீயாவது, தன்னடக்கமாவது!

கோப்பை மாற்றுவதிலும் கட்டி அனுப்புவதிலும் நம்மைப் போல இடறி விழுந்தவர்கள் இந்தக் குடாநாட்டில் இருக்க மாட்டார்கள். முதல் தடவை நான் பொதியை ஏற்றியபோது படத்தை இணையத்தில் வைக்கிற தளம் அதை ஏற்கவே மாட்டேன் என்றது. நான்கு கோப்புகள் சேர்ந்தால்தான் ஒரு படம் என்பது தெரியாமல், பெரிதாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சுருட்டி அனுப்பியிருந்தேன். நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வெறுஞ்சோத்தைப் பார்சல் கட்டிக் குடுத்தால் ஆர் தின்னுவினம்? கறி, சொதி, சம்பல் எல்லாத்தையும் வைச்சுக் கட்டு" என்றாய். அதன்பிறகு பொதி கட்டும்போதெல்லாம் நான் மனத்துக்குள் எண்ணுவது அப்படித்தான். சோறு, கறி, சொதி, சம்பல். இப்போதும்.

சொதியை மறந்த நாள் இன்னும் மோசம். பழைய நில அளவைத் தாள்களைப் பார்த்துக் கணினியில் புள்ளி போட்ட முதல் ஐம்பது கிணறுகள். எந்த அளவுமுறையில் போட்டோம் என்று சொல்கிற சின்னக் கோப்பைச் சேர்க்காமல் விட்டேன். தளம் தன்பாட்டில் புதிய அளவுமுறை என்று எடுத்துக்கொண்டது. படம் திறந்தது. குடாநாட்டில் ஒரு புள்ளி இல்லை. நீ விரலால் இழுத்து இழுத்துத் தேடி, மன்னாரும் தாண்டி, கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் ஐம்பது கிணறுகளையும் கண்டுபிடித்தாய். வரிசை குலையாமல், அதே இடைவெளியில், கோப்பாயும் உரும்பிராயும் கடலுக்குள் கிடந்தன.

"கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்டது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். கிணறே வெளிக்கிட்டுப் போனதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லி, கதிரையை விட்டு நழுவி நிலத்தில் இருந்து சிரித்தாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு முடியும்வரை கூடவே இருந்து சிரித்திருக்கலாம். இப்போது அதற்கு என்ன விலையும் கொடுப்பேன்.

இணைப்பைப் பகிர்ந்த நாளும் அப்படித்தான். ஊர்ச் சனத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டு நான் பெருமையாக இருந்தேன். அரை மணித்தியாலத்தில் மாதர் சங்கத் தலைவி உனக்கு அழைத்தார். அந்த அம்மாவின் குரல் அறை முழுவதும் கேட்டது. "பிள்ளையள், கலியாணக் கார்டைத் தந்திட்டுப் படலையைப் பூட்டி வைச்சிருக்கிறியள். நாங்கள் எப்பிடி உள்ளுக்கு வாறது?" நம் கணக்கில் நுழைந்தவர்களுக்கு மட்டுமே திறக்கும்படி விட்டிருந்தேன். எனக்குத் திறந்ததால் எல்லோருக்கும் திறக்கும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நீ ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். எதைப் பகிர்ந்தாலும் பக்கத்துக் கடைக்காரரின் தொலைபேசியை இரவல் வாங்கி, அதில் திறந்து பார்ப்பாய். "படலைக்கு வெளியிலை நிண்டு பாக்கவேணும். வீட்டுக்காறருக்குப் படலை எப்பவும் திறந்துதான் கிடக்கும்."

கிணறுகளிலும் உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைக்குமுன் ஒரு மிடறு குடிப்பாய். கூடாது என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "அவையின்ரை கிணத்திலை ஒருவாய் குடிக்காமல் கடதாசியை நனைச்சால் அது குறை சொல்ல வந்த மாதிரி. பேந்து உண்மையைச் சொல்லமாட்டினம்." உண்மைதான். நான் தனியே போன வீடுகளில் "எங்கடை தண்ணி திறம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது. சீதனமாகக் கொடுக்க வைத்திருக்கிற வளவின் கிணற்றைப் பற்றி யார்தான் குறை சொல்லுவார்? நீ குடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, "அம்மா, மாரியிலை இது கொஞ்சம் மாறுமோ?" என்று கேட்பாய். கதை தானாக வரும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போவது முக்கியமான ஒன்றைத் தள்ளிப்போடத்தான். உனக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை. உனக்கு நோய் என்று தெரிந்ததும் போனதும் ஒரே மாரிக்குள் நடந்து முடிந்தன. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூக்கம் என்று நினைத்து நான் எழும்பப் பார்த்தேன்.

"படத்தை ஏத்திப்போட்டியே?"

"ஓம்."

"வெளியாக்களுக்குத் திறக்குதோ?"

"ஓம். கன்டீன் பெடிச்சியின்ரை போனிலை பாத்திட்டன்."

"என்ரை குறிப்புகளும்?"

"ஓமடி. முழுக்க."

நீ கண்ணை மூடி, தலையை ஒருமுறை ஆட்டினாய். அந்த ஆட்டலில் இருந்த நிம்மதியை நான் எட்டு மாதமாக ஒரு சொத்துப் போல வைத்திருந்தேன். அவள் கேட்டதைச் செய்து முடித்தேன், அந்த ஒன்றிலாவது அவளுக்குக் குறை வைக்கவில்லை என்று. செவ்வாய்க்கிழமையோடு அது போயிற்று. முழுக்க என்று சொன்னேனே, பாவி. தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான்.

அதனால்தான் உன் அண்ணைக்கு அழைத்தேன். உன் குறிப்புகள் முழுதாக இருக்கக்கூடிய இடம் உலகத்தில் இனி ஒன்றே ஒன்று. அது அலுமாரிக்குள் கிடக்கிறதா, யாருக்காவது கொடுத்துவிட்டார்களா, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார்களா என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"அழிக்கேல்லைப் பிள்ளை," என்றார். "அம்மா விடேல்லை. கிழமைக்கு ஒருக்கால் சார்ஜிலை போடச் சொல்லுவா. ஏனெண்டு கேட்டால், அணைஞ்சு கிடக்கிறதைப் பாக்க ஏலாதாம்."

அடுத்த நாளே அதைக் கொண்டுவந்து, தேத்தண்ணியும் குடியாமல், கதிரை நுனியில் இருந்தார். பூட்டு எண் தெரியுமா என்று கேட்டேன். "உவள் எல்லாத்துக்கும் நாலு சைபர்தானே போடுறவள். ஆர் களவெடுக்கப்போறாங்கள் எண்டு கேப்பாள்." நான்கு பூச்சியம் அடித்தேன். திறந்தது.

எல்லாம் இருந்தன. முதற் கிணற்றிலிருந்து கடைசிக் கிணறு வரை, ஓர் எழுத்தும் குறையாமல். மருதனார்மடத்துக் கிணற்றைத் தேடி எடுத்து உன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"'ஆனால் கைப்பிள்ளை எண்டால் பால்மா கரைக்க இது வேண்டாம். கொதிக்க வைச்சாலும் வேண்டாம். இந்த வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்த புதுப் பொம்பிளை எனக்கு மாம்பழம் வெட்டித் தந்தவ. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் ஆராவது இதை அவவுக்கு ஞாபகப்படுத்துங்கோ.'"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படலைப் பக்கம் பார்த்தார். நான் அந்த 'ஆராவது' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாமல் இருந்தேன். அந்த ஆள் நான்தான். அவளாக அழைத்திராவிட்டால் திங்கட்கிழமை போத்தில் பால் கரைந்திருக்கும்.

அன்று தொடங்கி மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. பழைய வகையை விட்டொழித்து, எவ்வளவு நீளமும் தாங்குகிற புதுவகைக் கோப்பில் எல்லாவற்றையும் போட்டேன். முதல் தரம் ஏற்றியபோது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. எழுத்துமுறையைத் தவறாகக் குறித்திருந்தேன். அதைத் திருத்தினால், பொதி பெரிது என்று தளம் தள்ளியது. உன் படங்கள்தான் காரணம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் கீழே தண்ணீரில் உன் தலை கறுப்பாக விழுந்திருக்கிறது. தண்ணீரை எடுக்கச் சொன்னால் தன்னை எடுக்கிறாளே என்று முன்பு நான் புறுபுறுத்திருக்கிறேன். படங்களை நீக்கினால் பொதி சிறுக்கும் என்று தளம் யோசனை சொன்னது. நீக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சுருக்கி, வேறு பொதியாகக் கட்டி, கிணற்றோடு இணைத்தேன். ஒரு தலையும் விடுபடவில்லை.

எல்லாக் குறிப்பையும் கண்ணால் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோதுதான் நாவற்குழியில் என் வீட்டுக் கிணறு வந்தது.

அந்தக் குறிப்பை நான் முன்பே அறிவேன். வரைபடத்தில் இவ்வளவு காலமும் கிடந்தது. "எங்கடை ஆளின்ரை வீடு. சரியான உவர்த் தண்ணி. இதிலை அவள் தேத்தண்ணி போடுவாள், மனிசர் வாயிலை வைக்க." அதோடு நிற்கும். மிச்சம் என்ன என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் நீ எனக்காக எழுதாமல் விட்டாய், உன் வாழ்நாளிலேயே ஒரு தரம் வாயை அடக்கினாய் என்று நினைத்து நான் உருகியிருக்கிறேன். கொஞ்சம் கோபமும்தான். பத்து வருடமாக வருகிற நேரமெல்லாம் என் வீட்டில் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு இப்படி எழுதினாயே என்று. கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டேன்.

முழுக் குறிப்பு உன் தொலைபேசியில் இப்படி இருந்தது.

"மனிசர் வாயிலை வைக்க ஏலாது. எண்டாலும் நான் எங்கை கிணறு பாக்கப் போனாலும் பின்னேரம் இஞ்சைதான் வந்து குடிக்கிறனான். நெல்லியடியிலை எங்கடை கிணத்துத் தண்ணி சீனி மாதிரி. அங்கை கதைக்க ஆளில்லை. இந்தத் தண்ணியைப் பற்றி வேறை ஆரும் குறை சொல்லக்கூடாது."

இரண்டு வரி என்று உன்னிடம் சொன்னவள் நான். மூன்றாவது வரியில் நீ இதை வைத்திருந்தாய்.

பழைய நானாக இருந்தால் அழித்திருப்பேன். கிணற்று வரைபடத்தில் ஒரு வீட்டுத் தேத்தண்ணிக்கு என்ன வேலை? அப்படியே விட்டேன். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் நாவற்குழியில் அந்தப் புள்ளியைத் தொட்டால் என் தேத்தண்ணியின் இலட்சணத்தை அறிந்துகொள்ளலாம். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய், கடைக்காரரின் தொலைபேசியை இரவல் கேட்டு வாங்கி, படலைக்கு வெளியே நின்று பார்த்தேன். திறந்தது. மருதனார்மடத்துப் பெண்ணுக்கு இணைப்பை அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தாள்.

"மிச்சம் வந்திட்டுதக்கா," என்றாள். "மாம்பழத்தைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறா. அந்த அக்காவுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, கோயில் கிணத்திலை அள்ளுறம் எண்டு."

சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன். பிள்ளைக்குக் கோயில் கிணற்றில்தான் அள்ளுகிறார்களாம்.

நான் இப்போது எதையும் சுருக்கி எழுதச் சொல்வதில்லை. யாராவது ஒரு கோப்பு அனுப்பினால் எண்ணைப் பார்க்குமுன் வசனம் முடிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். உன் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உன் அம்மா சார்ஜில் போட வேண்டுமே. நீ ஆஸ்பத்திரியில் கேட்டாயே, என்ரை குறிப்புகளும் ஏறிவிட்டனவா என்று. ஓமடி. முழுக்க.

நேற்றுப் பின்னேரம், நீ வருகிற நேரத்துக்கு, நம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டேன். நீ சொன்னது சரி, வாயில் வைக்க ஏலாது. அடி தெரியும்வரை குடித்தேன்.